பொட்டு வைத்த இன்வெர்ட்டர்

செல்போன் வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது செல்போன் வெளிச்சத்தில்தான். ராத்திரி இரண்டே முக்கால் மணி. மல்லாந்து படுத்து, போனை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தேன். படித்த அதிர்ச்சியில் கை நழுவி அது மூக்கின் மேலேயே விழுந்தது. வீட்டுக்காரி கண்ணைத் திறக்காமல், "இன்னிக்கு எந்த நாட்டுல என்ன கெட்டுப்போச்சாம்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

எனக்கு வயது 54. ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அடுத்தவர் வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் தூக்கக் கணக்கு மட்டும் பத்து வருஷமாக டேலி ஆகவில்லை. இதுவரை கொசு, கடகடக்கும் ஃபேன், மார்ச் மாதம், ராத்திரி சாப்பிட்ட பரோட்டா என்று யார் யார் மேலேயோ சந்தேகப்பட்டு எல்லாரையும் விடுதலை செய்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் விஞ்ஞானமே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தது.

சாதாரணப் பெயர் இல்லை. அரைல்அல்கைலமைன் என்-அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பட்டம், ஊர், வேலை எல்லாம் சேர்த்துப் போட்ட மாதிரி. ஆராய்ச்சிக்காரர்களுக்கே வாய் வலித்திருக்கும் போல, சுருக்கி 'ஏஏ-நாட்' என்கிறார்கள். இது ஒரு நொதி. நொதி என்றால் வேதிவினையை வேகமாக முடித்துக் கொடுக்கிற புரதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வாத்தியார் கேட்டபோது மட்டும் சொல்லத் தெரியவில்லை.

மூளையின் நடுவில், ஒரு நெல்மணி அளவுக்கு, பினியல் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. ஆன்மா குடியிருக்கும் இடம் அதுதான் என்று 17-ஆம் நூற்றாண்டில் டெக்கார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி எழுதிவைத்தார். என் ஆன்மா அங்கே குடியிருந்தால் ராத்திரித் தொந்தரவு தாங்காமல் எப்போதோ காலி செய்திருக்கும். அந்தச் சுரப்பிதான் இருட்டினால் மெலட்டோனின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கிறது. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் கிடைக்கிற டிரிப்டோஃபான் கச்சாப்பொருள். அது நாலு கை மாறுகிறது. முதல் இரண்டு நொதிகள் அதைச் செரட்டோனின் ஆக்குகின்றன. மூன்றாவது நம் ஏஏ-நாட், அதன்மேல் ஒரு அசிட்டைல் துணுக்கை ஒட்டுகிறார். நாலாமவர் முடித்துக் கொடுக்க, மெலட்டோனின் தயார். கிடங்கு கிடையாது, செய்ததும் நேரே ரத்தத்தில் இறங்கிவிடும், ஒரு மணி நேரத்துக்குள் பாதி கரைந்தும்விடும். அன்றன்றைக்கு அரைத்து அன்றன்றைக்கே தீர்கிற சட்னி மாதிரி.

இதில் மற்ற மூன்று பேரும் பகலிலும் ஆபீஸில்தான் இருக்கிறார்கள். செரட்டோனின் பகலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மூன்றாமவர் நாற்காலிதான் காலி. அவர் வந்தால் வேலை நடக்கும், வராவிட்டால் ஃபைல் அப்படியே கிடக்கும். நம் ஊர் அலுவலகங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். எலியின் பினியலில் இந்த நொதியின் வேகம் ராத்திரியில் பல மடங்கு ஏறி, பகலில் தரைதட்டுகிறது என்று டேவிட் க்ளைன், ஜோன் வெல்லர் இருவரும் 1970-இல் அமெரிக்காவில் எழுதினார்கள். நடுராத்திரியில் விளக்கைப் போட்டால் என்ன ஆகும் என்று 1972-இல் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றே நிமிஷத்தில் பாதி வேகம் போய்விட்டது.

மூன்று நிமிஷம்! எனக்குப் பகீரென்றது. பத்து வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் ஒன்றுக்குப் போகிற சாக்கில் பாத்ரூமில் லைட்டைப் போட்டு, திரும்பும் வழியில் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் வெறுமனே பார்த்துவிட்டு மூடி, படுத்து, போனில் நாளைய வானிலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை ஏஏ-நாட்டின் பாவம் என் தலையில்!

கண்ணுக்கும் இந்தச் சுரப்பிக்கும் நடுவில் செய்தி போகிற வழி இருக்கிறதே, அதைப் படித்தபோது மனசுக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தது. வெளிச்சம் பட்டதைக் கண் முதலில் மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஒரு நரம்புக் கொத்துக்குச் சொல்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். அங்கிருந்து பினியல் சில சென்டிமீட்டர்தான். பக்கத்து மேஜை. ஆனால் ஃபைல் நேராகப் போகாது. தண்டுவடம் வழியாக மார்பு மட்டத்துக்கு இறங்கி, அங்கே ஒரு கையெழுத்து வாங்கி, கழுத்துக்கு ஏறி, அங்கே ஒரு நரம்பு முடிச்சில் இன்னொரு கையெழுத்து வாங்கி, பிறகு மறுபடி தலைக்குள் போய்ப் பினியலைச் சேரும். மதுரையில் கீழ்மாடியிலிருந்து மேல்மாடிக்குப் போக வேண்டிய மனு, மெட்ராஸ் போய் வருகிற கதைதான். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இந்த ராத்திரி ஏற்றம் நின்றுபோவதற்குக் காரணமும் இந்தச் சுற்றுவழிதான். கடைசிக் கட்டத்தில் உத்தரவைக் கொண்டுவந்து கொடுக்கிற பியூன் நார்அட்ரினலின். ராத்திரி முழுக்க அது வந்துகொண்டே இருக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் வரத்து நிற்கும்.

மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே இதை வீட்டில் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். எலியின் முறை வேறு, ஆடு மாட்டின் முறை வேறு என்ற இடத்துக்கு வந்தபோதுதான் அம்மா தலைநிமிர்ந்தாள்.

எலியின் சுரப்பியில் பகலில் இந்த நொதிக்கான செய்முறைக் குறிப்பே இருக்காது. இருட்டி, உத்தரவு வந்த பிறகுதான் மரபணுவிலிருந்து குறிப்பை நகல் எடுக்கத் தொடங்கும். நகல் நூறு மடங்குக்குமேல் ஏறும். அதன்பிறகுதான் நொதி. அதனால் மெலட்டோனின் ஏற மணிக்கணக்கில் தாமதம். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போது அரிசியை ஊறப்போடுகிற வீடு அது. செம்மறி ஆடும் மாடும் அப்படியில்லை. அவற்றில் குறிப்பு பகலிலும் தயாராக இருக்கிறது. நொதியைப் பகலெல்லாம் செய்துகொண்டே இருக்கின்றன. செய்ததை அப்போதைக்கப்போதே அழித்துக்கொண்டும் இருக்கின்றன.

"செஞ்சு செஞ்சு கொட்டுதுகளா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. செல்லுக்குள்ள புரோட்டியாசோம்னு ஒண்ணு இருக்கு. கரும்புச் சாறு மெஷின் மாதிரி. இந்தப் பக்கம் முழுசா விட்டா அந்தப் பக்கம் சக்கையா வரும்."

"நம்மளுக்கும் அப்படித்தானா?"

"ரீசஸ் குரங்குல பாத்திருக்காங்க. ஆட்டுக் கட்சிதான். நாமளும் அந்தப் பக்கம்தான்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். 80 வருஷமாக ஒரு பிடி சோறு வீணாக்காதவள். "அந்த டிரிப்பு... என்னமோ சொன்னியே, அது முட்டையிலதான இருக்கு? முட்டை என்ன விலை விக்குது!" என்று எழுந்துபோனாள்.

ஆனால் அந்த ஊதாரித்தனத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தோசைக்கல்லில் எப்போதும் ஒரு தோசை வெந்துகொண்டிருந்தால், ஆள் உட்கார்ந்ததும் தட்டில் விழும். இருட்டிய உடனே நார்அட்ரினலின் வந்து, சுரப்பிச் செல்லுக்குள் ஒரு சங்கிலி வேலை நடந்து, நொதியின்மேல் இரண்டு இடத்தில் பாஸ்பேட் முத்திரை விழும். முத்திரை விழுந்த நொதியை 14-3-3 என்ற புரதம் வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். பஸ் நம்பர் இல்லை, அதன் பெயரே அதுதான். 1967-இல் மூளைப் புரதங்களைப் பிரித்து அடுக்கியபோது விழுந்த வரிசை எண் அப்படியே பெயராக நின்றுவிட்டது. இரண்டும் கட்டிக்கொண்டிருக்கிற கோலத்தை 2001-இல் அணு அணுவாகப் படம் பிடித்திருக்கிறார்கள். 14-3-3 கைக்குள் இருக்கிறவரை கரும்பு மெஷின் அண்டாது, வேலையும் விறுவிறுப்பாக நடக்கும். வெளிச்சம் பட்டால் உத்தரவு நிற்கும், முத்திரை அழியும், பிடி தளரும், நொதி சக்கையாகும். என் உடம்பில் இவ்வளவு ஒழுங்கான ஒரு ஆபீஸ் நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நடுராத்திரியில் போய் அதன் ஃபியூஸைப் பிடுங்கியிருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலமே இருட்டடிப்பு இயக்கத்தைத் தொடங்கினேன்.

முதல் பழி என் தலையில்தான் விழுந்தது. இரண்டு வருஷம் முன்பு கரண்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று டவுன்ஹால் ரோட்டுக்குப் போய், வீடு முழுக்க வெள்ளை எல்இடி வாங்கி மாட்டியவன் நான். பெட்டியில் 'கூல் டேலைட்' என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கூடுதல் சந்தோஷத்தோடு வாங்கினேன். ராத்திரியில் பகல் கிடைக்கிறதே! 2001-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எந்த நிற வெளிச்சம் மெலட்டோனினை அதிகம் அடக்குகிறது என்று பார்த்து, நீலம்தான் என்று சொல்லியிருக்கின்றன. 460 நானோமீட்டரை ஒட்டிய நீலம். என் கூல் டேலைட் பல்பில் அது பொங்கி வழிகிறது. எல்லாவற்றையும் கழற்றி, பரணிலிருந்து பழைய குண்டு பல்பு இரண்டை எடுத்து மாட்டினேன். ஒன்று மாட்டியதும் போய்விட்டது. கூடம் கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம் மாதிரி ஆனது.

எட்டரை மணிக்குமேல் விளக்கு கூடாது என்று சட்டம் போட்டேன். சீரியல் ஓடும்போது திரையின்மேல் மெல்லிய துணி போடலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் 460 நானோமீட்டரை விட ஆபத்தான வெளிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

பெரிய விளக்குகளை அணைத்த பிறகுதான் சின்னவை கண்ணில் பட்டன. ஒரு நடுத்தர வீட்டில் ராத்திரியில் எத்தனை புள்ளி வெளிச்சம் முழித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இன்வெர்ட்டரில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு. தண்ணீர் சுத்திகரிப்பானில் நீலம். செட்டாப் பாக்ஸில் சிவப்பு. மோடத்தில் நாலு பச்சை, அதில் ஒன்று யாரோ துரத்துகிற மாதிரி சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. கொசு விரட்டியில் ஆரஞ்சு. ஸ்டெபிலைசரில் எண். இவற்றை மறைக்க என்ன செய்வது என்று தேடியபோது டிரெஸ்ஸிங் டேபிளில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடைத்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. மோடத்துக்கு நாலு சின்னப் பொட்டு, இன்வெர்ட்டருக்கு இரண்டு பெரிய அரக்கு, சுத்திகரிப்பானுக்குக் கல் வைத்தது.

மறுநாள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரி அட்டை காலியாக இருப்பதைப் பார்த்தாள். கூடத்துக்கு வந்தாள். பொட்டு வைத்துக்கொண்டு சுமங்கலியாக நின்ற இன்வெர்ட்டரைப் பார்த்தாள். "என்னங்க, இதுக்குப் பூவும் வாங்கிட்டு வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கல் பொட்டை உரித்தெடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் சுற்றுச்சுவர் மேலாக எட்டிப்பார்த்து, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "பெரியம்மா, தப்பா நினைக்காதீக. கரண்ட் பில்லு கட்டலையா? ஃபீஸைப் பிடுங்கிட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அம்மா என் பெயரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த அம்மாள் ராத்திரிக்குச் சப்பாத்தி கொடுத்தனுப்பினார்.

இருட்டுக்கு ஆள் சேர்க்கிற என் பிரசாரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் காலேஜ் படிக்கிற மகன். "ப்பா, எலி ராத்திரிதானே சுத்தும்? அதுக்கும் ராத்திரிதான் மெலட்டோனின் ஏறுதுன்னா, அது ஏன் தூங்கலை?" நியாயமான கேள்வி. ராத்திரியில் சுற்றுகிற எலிக்கும் இருட்டில்தான் ஏறுகிறது. மெலட்டோனின் தூங்கச் சொல்வதில்லை. 'இருட்டிவிட்டது' என்று மட்டும் ஊருக்குத் தண்டோரா போடுகிறது. கேட்டவர் அவரவர் சுபாவப்படி வேலையைப் பார்க்கிறார்கள்; எலி நம் அரிசி மூட்டையைப் பார்க்கிறது. 'தூக்க ஹார்மோன்' என்று மாத்திரை அட்டைக்காரர்கள் பெயர் வைத்ததற்குத் தண்டோராக்காரர் பொறுப்பில்லை. பெயர் விஷயத்தில் அதற்கு ஆரம்பத்திலிருந்தே ராசி கிடையாது. மாட்டுப் பினியலை அரைத்துக் கொடுத்தால் தவளைக்குஞ்சின் தோல் வெளுக்கிறது என்று 1917-இல் இரண்டு பேர் எழுதிவைத்தார்கள். ஏல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் தோல் நிற வியாதிக்கு மருந்து கிடைக்குமென்று அதைப் பிடித்துக்கொண்டு, லட்சத்துக்குமேல் மாட்டுப் பினியல்களைச் சேர்த்து, 1958-இல் துளியூண்டு பொருளைப் பிரித்தெடுத்தார். மெலனினை ஒட்டி மெலட்டோனின் என்று பெயரும் வைத்தார். தவளை வெளுத்தது. மனுஷத் தோல் அசையவில்லை. வெளுத்திருந்தால் நம் நாட்டில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

எதிர்வீட்டுச் சேவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் அயர்கிற நேரம் பார்த்து மூன்றரைக்குக் கூவும். அதன் உரிமையாளரிடம் சண்டைக்குப் போகலாம் என்றிருந்தேன். படித்த பிறகு போகவில்லை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் சோதித்திருக்கிறார்கள்: விடிவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே சேவல் கூவத் தொடங்குவது வெளிச்சத்தைப் பார்த்தல்ல, உள்ளே இருக்கிற கடிகாரத்தைக் கேட்டு. கூட்டமாக இருந்தால் பெரியண்ணன் முதலில் கூவ, மற்றவை அந்தஸ்து வரிசைப்படி கூவுமாம். கோழியின் பினியலுக்குச் சுற்றுவழி ஃபைல் கூடத் தேவையில்லை. அதன் செல்களே வெளிச்சத்தை உணரும், அதற்குள்ளேயே கடிகாரம் ஓடும். தனியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் போட்டாலும் நொதி ராத்திரியில் ஏறிப் பகலில் இறங்கும் என்று 1970-களின் கடைசியிலேயே காட்டிவிட்டார்கள். குழம்பில் போட்டாலும் மணி பார்க்கும் போலிருக்கிறது. அப்படிப்பட்ட ஜீவனிடம் நான் எந்த முகத்தோடு போய் நேரம் பேசுவது?

எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. நாகமலைப் புதுக்கோட்டையில் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் சமணர் மலை தெரியும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த எம்.கே. சந்திரசேகரன் தன் மாணவர்களோடு அந்தப் பக்கத்துக் குகைகளில்தான் வௌவால்களின் கடிகாரத்தை ஆராய்ந்தார். வெளிச்சமே எட்டாத குகையில் கூண்டில் அடைத்த வௌவால், வெளியே போய்வருகிற கூட்டம் சுற்றியிருந்தால் அதோடு சேர்ந்து நேரம் தவறாமல் விழிக்கிறது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக விட்டால் அதன் நாள் மெல்ல நழுவிக்கொண்டே போகிறது. 1981-இல் வந்த ஆய்வு. அதே பல்கலைக்கழகத்தில் கடிகாரம், ஜன்னல், செய்தித்தாள் எதுவும் இல்லாத அறையில் ஆட்களைத் தங்கவைத்தும் பார்த்திருக்கிறார்கள். "இப்ப அந்த ரூம் இருந்தா ரெண்டு வாரம் போய்ப் படுத்திருப்பேன்" என்றேன் ஆசையாக. "போனை வாங்கி வச்சுக்கிட்டா மூணாம் நாளு சுவரேறிக் குதிச்சிருப்பீங்க" என்றாள் வீட்டுக்காரி.

இரண்டு வாரம் ஆனது. நான் அப்போதும் மூன்று மணிவரை முழித்துத்தான் இருந்தேன். வித்தியாசம், இப்போது இருட்டில் முழித்திருந்தேன்.

தொழில்புத்தி விடுமா? லெட்ஜரை எடுத்தேன். 1980-இல் ஆல்ஃப்ரெட் லூயி என்ற அமெரிக்க மருத்துவரின் குழு மனிதர்களிடம் மெலட்டோனினை அடக்கிக் காட்டியது 2500 லக்ஸ் வெளிச்சத்தில். பின்னால் வந்த ஆய்வுகளில் வீட்டு விளக்கே ஓரளவு போதும் என்று தெரிந்தது. ஒளிரும் திரையில் படுக்குமுன் நாலு மணி நேரம் புத்தகம் படிக்கவைத்து ஒரு சோதனை, 2014-இல் வெளிவந்தது. மெலட்டோனின் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. சரி, தூக்கம் எவ்வளவு தள்ளிப்போனது? சுமார் பத்து நிமிஷம். மறுபடி படித்தேன். பத்தே நிமிஷம். நான் தூங்காமல் கிடப்பது நாலு மணி நேரம். அதில் நொதி பேரில் பத்து நிமிஷம் எழுதினால், மீதி மூன்று மணி ஐம்பது நிமிஷத்தை எந்தக் கணக்கில் வைப்பது? சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு மூடினேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு மரியாதையான இடம் உண்டு.

போதாக்குறைக்கு, ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படுகிற கறுப்புச் சுண்டெலி இனம் ஒன்று, சி57 பிளாக் 6 என்று பெயர், அதற்கு இந்த ஏஏ-நாட் மரபணுவே பழுது. மெலட்டோனின் ஏறக்குறைய இல்லை. இருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தூங்கி எழுந்து குட்டி போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

"அந்த எலிக்கு யாரும் போன் வாங்கிக் குடுக்கலைல்ல" என்றாள் வீட்டுக்காரி.

எனக்கு மிச்சமிருந்த ஒரே துருப்பு 2019-இல் வந்த ஒரு ஆய்வு. சாயங்கால வெளிச்சத்துக்கு மெலட்டோனின் எவ்வளவு அடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் 50 மடங்குக்குமேல் வேறுபடுகிறது. ஆக, டியூப்லைட்டுக்கு நேர் கீழே, டிவி அலற, கையில் சீப்போடு தூங்குகிற அவள் ஒரு கோடியில் இருக்கிறாள். மோடத்தின் நாலு புள்ளிக்கே நொறுங்கிப்போகிற நான் மறு கோடி. என்னைச் சோதித்தவர் யாருமில்லை. தீர்ப்பை நானே எழுதிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பின் பலத்தில் நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு விளக்கும் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூமுக்குக் கிளம்பினேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, சாயங்காலம் மாவரைத்துவிட்டு நகர்த்தி வைத்திருந்த கிரைண்டர் வழியில் நின்றது. வலது கால் சுண்டுவிரல் அதன் அடிப்பாகத்தில் போய் முட்டிய சத்தம் எனக்கே கேட்டது. நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

வீட்டுக்காரி ஓடிவந்தாள். சுவிட்சைத் தட்டினாள். நான் கழற்றாமல் விட்டிருந்த ஒரே ஒரு டியூப்லைட், சமையலறையில் இருந்தது, பளீரென்று எரிந்தது.

"அணை! அணைச்சுரு! மூணு நிமிஷத்துல பாதி போயிரும்!" என்று கத்தினேன். அது எலிக் கணக்கு என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில்லை.

உள்ளறையிலிருந்து அம்மா பதறிக்கொண்டு கேட்டாள்: "எதுடா பாதி போச்சு? விரலா?"

"விரல் இருக்கு அத்தை" என்றாள் வீட்டுக்காரி, என் காலை மடியில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தபடி. எதிர்வீட்டுச் சேவல், நேரமாகவில்லை என்று தெரிந்ததாலோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை.